மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

சென்ற இதழில் ஒருநாள் பௌத்தத் தியான முகாம்களைப் பற்றி வெளியான நீண்ட கட்டுரை, அவற்றைப் புகழ்வதற்காக எழுதப்பட்டது. புகழ்வதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. மாதந்தோறும் பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும் அப்படியொரு முகாமில் பாய் விரிப்பது, பெயர் பதிவது, மதியச் சாப்பாடு பரிமாறுவது என்று பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். அந்த ஒரு நாள் மனிதர்களுக்கு என்ன தருகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்கிறவன். ஆனால் கட்டுரையின் நடுவே, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முகாமுக்கு வரும் நாளிலிருந்தே அதை விட்டுவிடலாம், மாத்திரை மனத்தை மழுங்கடித்துத் தியானத்தைத் தடுக்கிறது என்று கட்டுரையாளர் அறிவுரை சொல்லியிருக்கிறார். போகிற போக்கில் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அந்த இரண்டு வாக்கியங்களை நம்பி யாராவது ஒருவர் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒரு கணமும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்காகவே இந்த எதிர்வினை.

அவருடைய வாதத்தைச் சிதைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனநோய் என்பது பயிற்சியில்லாத மனத்தின் விளைவு. துன்பத்துக்கெல்லாம் வேர் மனத்தில்தான் இருக்கிறது என்று புத்தர் சொல்லிவிட்டார். மனத்தைப் பழக்கினால் நோய் போய்விடும். இது முதல் வாதம். தியானம் மாத்திரைக்கு நிகர் என்று அறிவியலே நிரூபித்துவிட்டது என்பது இரண்டாவது. தியானத்தால் யாருக்கும் கெடுதல் வராது, முகாமில் ஒருவர் அழுதாலும் நடுங்கினாலும் அது உள்ளே தேங்கிய அழுக்கு வெளியேறுவதுதான் என்பது மூன்றாவது. சேர வருகிறவரிடம் நோய் விவரம் கேட்பதும் படிவம் நிரப்பச் சொல்வதும் மேல்நாட்டுப் பழக்கம், புத்தர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை என்பது நான்காவது. நான்கும் தவறு. அதைக் காட்ட நான் வேறு சாட்சி தேடப் போவதில்லை. அவர் சாட்சிக்கு அழைத்த புத்தரும், அவர் சாட்சிக்கு அழைத்த ஆய்வுகளும் போதும்.

முதலில் புத்தர். அவருடைய உரைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பமெல்லாம் பழைய வினையால் வருபவை என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. சிலேத்துமத்தால், வாதத்தால், இவை மூன்றும் கூடிக் கெடுவதால், பருவ மாற்றத்தால், ஒவ்வாத நடத்தையால், அடிபடுவதால் வருபவையும் உண்டு. வினை எட்டாவதாகத்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள், தாமே கண்கூடாக அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். உடம்பின் கோளாறு மனிதனைத் துன்புறுத்தும் என்பதை இத்தனை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஒருவரை, மூளைக்கும் மனநோய்க்கும் தொடர்பில்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்துவது நேர்மையா?

துறவிகளுக்கான விதிநூலாகிய வினயபிடகத்தின் மகாவக்கத்தில் மருந்துகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் தொடங்கி வேர், இலை, கஷாயம் வரை நோயுற்ற பிக்குவுக்கு எதெது அனுமதி என்று அது பட்டியல் போடுகிறது. துறவிக்கு உரிய நான்கு தேவைகள் எவை என்று எந்தப் பிக்குவைக் கேட்டாலும் உடை, உணவு, உறைவிடம், மருந்து என்பார். உடைமையெல்லாம் துறந்தவனிடமிருந்தும் புத்தர் மருந்தைப் பறிக்கவில்லை. அவருக்கே உடல் நலம் கெட்டபோது மருத்துவர் ஜீவகர் தந்த பேதி மருந்தை ஏற்றுக்கொண்டார். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை அவரும் சீடர் ஆனந்தரும் கழுவிப் படுக்கையில் கிடத்தினார்கள். நோயாளியைப் பராமரிப்பது தன்னையே பராமரிப்பதற்குச் சமம் என்று அந்தச் சமயத்தில்தான் சங்கத்துக்குச் சொன்னார். எழுந்து உட்கார்ந்து மூச்சைக் கவனி என்று அந்தப் பிக்குவிடம் அவர் சொல்லவில்லை.

மனநோய் பற்றியும் வினயம் மௌனமாக இல்லை. கக்கர் என்ற பிக்குவுக்குச் சித்தம் பேதலித்திருந்தது. உபோசதம் என்ற நோன்பு நாள் கூட்டத்துக்குச் சில சமயம் வருவார், சில சமயம் நினைவில்லாமல் வராமல் இருந்துவிடுவார். சங்கம் கூடி, அவருக்கு நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் வந்தாலும் வராவிட்டாலும், அது அவர் குற்றமுமில்லை, கூட்டத்துக்குக் குறையுமில்லை என்று முறைப்படி தீர்மானம் செய்தது. சித்தம் கலங்கிய நிலையில் செய்த மீறல் குற்றமாகாது என்பது வினய விதிகள் நெடுகிலும் வரும் விலக்கு. கட்டுரையாளர் மனநோயாளியைப் பார்த்து உன் பயிற்சி போதவில்லை என்கிறார். தியானத்தையே வாழ்க்கையாகக் கொண்ட சங்கம் தன் நோயாளியைப் பார்த்து உன்மேல் தவறில்லை என்றது. இந்த இரண்டில் எது புத்தரின் வழி?

துன்பத்தின் வேரெல்லாம் உள்ளேதான் என்ற வாதம் இன்னொரு வகையிலும் மனிதர்களைக் காயப்படுத்துகிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது தூக்கம் வராத பெண்ணுக்கும், இரவுப் பணியில் உடம்பு கெட்டுப்போன இளைஞனுக்கும், ஊரில் சாதியின் பெயரால் அவமானப்பட்டு வந்தவனுக்கும் அது உன் மனத்தின் பிரச்சினை என்று அது சொல்லிவிடுகிறது. தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரத்தில் திருட்டும் கலகமும் மலிந்த நாட்டின் அரசனுக்கு என்ன ஆலோசனை கிடைக்கிறது? உழவனுக்கு விதையும் தீவனமும் கொடு, வணிகனுக்கு முதல் கொடு, பணியாளனுக்குக் கூலி கொடு என்பதுதான். தமிழில் நமக்குக் கிடைத்த பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் நாயகி அமுதசுரபியைக் கையில் வாங்கியதும் முதலில் பசித்தவர்களுக்குச் சோறிட்டாள். யானைத்தீ என்ற அடங்காப் பசிநோயால் துடித்த காயசண்டிகையின் நோய் சோற்றால்தான் தீர்ந்தது. 1956-இல் நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், துன்பத்தை மனத்துக்குள் மட்டும் பூட்டிவைக்கும் விளக்கத்தை ஏற்காமல், மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநீதியை அதன் நடுவில் வைத்தார். வெளியிலிருந்து வரும் துன்பத்தை வெளியில்தான் தீர்க்க வேண்டும் என்பதில் பௌத்தத்துக்கு எந்தக் காலத்திலும் தயக்கம் இருந்ததில்லை.

அடுத்தது அறிவியல். ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று சொல்லும் கட்டுரையாளர், எந்த ஆய்வு, யாரை வைத்து, எத்தனை வாரம், என்ன முடிவு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தியானமும் மாத்திரையும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டு அதிகம் பேசப்பட்ட ஆய்வு 2022-இல் அமெரிக்காவில் வெளியானது. மனப்பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை, மறுபாதிக்குத் தியானப் பயிற்சி. எட்டு வார முடிவில் தியானம் மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. நல்ல செய்திதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தியானம் என்பது என்ன? வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் அமர்வு, பயிற்சி பெற்ற ஆசிரியர். கட்டுரையாளர் போற்றும் ஒருநாள் முகாம் அந்த எட்டு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. அதைவிட முக்கியம், இருமுனை மனநோய் உள்ளவர்களும், மனச்சிதைவு போன்ற நோய் கண்டவர்களும், தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்படாதவர்களுக்கும் சேர்த்து அதன் முடிவை விநியோகிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

மனச்சோர்வுக்கு வருவோம். மாத்திரையைக் குறைத்துக்கொண்டே தியானம் பழகினால் நோய் திரும்புவதைத் தடுக்கலாமா என்ற கேள்விக்கு 2015-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு விடை தேடியது. 424 பேர். எல்லோரும் மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வில் விழுந்து எழுந்து, அப்போது தேறியிருந்தவர்கள். இரண்டு ஆண்டு முடிவில் தியானக் குழுவில் 44 சதவீதம் பேருக்கும் மாத்திரைக் குழுவில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. பெரிய வித்தியாசமில்லை. அதாவது, தேறி நிற்கும் ஒருவருக்கு, முறையான எட்டு வாரப் பயிற்சியோடு, மருத்துவரின் துணையோடு படிப்படியாக மாத்திரையைக் குறைப்பது ஒரு வழியாக இருக்கலாம். நோயின் நடுவில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாமுக்கு வந்து, அன்றைக்கே மாத்திரையை விட்டுவிடலாம் என்று அந்த ஆய்வில் எந்த வரியும் இல்லை. இரண்டு குழுவிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மருத்துவர் உடனிருந்தும் இந்த நிலை.

2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 47 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் தொகுத்துப் பார்த்தார்கள். மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானம் மிதமான பலன் தருகிறது; மருந்து, உடற்பயிற்சி, பிற உளச்சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022-இல் வெளியான, பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், வகுப்பாசிரியர்கள் கற்பித்த மனக்கவனப் பயிற்சி வழக்கமான பாடத்தைவிட எந்தக் கூடுதல் நன்மையையும் தரவில்லை. தியானத்தை நேசிக்கிறவர்கள் இவற்றையும் படிக்க வேண்டும். சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அதையும் பெரிதாக்கிச் சொல்வது பொய் சொல்வதுதான். பொய் சொல்லாமை ஐந்து சீலங்களில் ஒன்று.

மூன்றாவது வாதத்தைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தியானத்தால் கெடுதலே வராதாம். வைசாலியில் நடந்ததை அவர் படித்ததில்லையா? வினயபிடகமும் சம்யுத்த நிகாயமும் இரண்டும் அதைப் பதிவு செய்திருக்கின்றன. உடலின் அழுக்கை எண்ணிப் பார்க்கும் அசுபத் தியானத்தைப் பிக்குகளுக்குப் போதித்துவிட்டு, புத்தர் அரைமாதம் தனிமையில் இருக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது சங்கம் மெலிந்துபோயிருந்தது. அந்தத் தியானத்தில் தோய்ந்த பிக்குகள் பலர் தங்கள் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறொரு முறையைக் கற்றுத்தரும்படி வேண்டினார். அப்போது மீதமிருந்தவர்களைக் கூட்டி வைத்துப் புத்தர் சொல்லித் தந்ததுதான் ஆனாபானசதி, மூச்சைக் கவனிக்கும் தியானம். இன்று பெரும்பாலான ஒருநாள் முகாம்களில் காலையில் முதலில் சொல்லித்தரும் பயிற்சி அதுவே. அது ஒரு துயரத்துக்குப் பிறகு, மனிதர்களைக் காப்பதற்காக எடுத்துச் சொல்லப்பட்டது. அழுக்கு வெளியேறுகிறது, அப்படியே தொடருங்கள் என்று புத்தர் சொல்லவில்லை. முறையை மாற்றினார்.

பிற்கால மரபுகளும் இதை அறிந்திருந்தன. ஆறாம் நூற்றாண்டின் சீன ஆசான் சீயி எழுதிய தியானக் கையேட்டில் தியானத்தால் வரும் நோய்களையும் அவற்றுக்கான சிகிச்சையையும் பற்றித் தனி அத்தியாயம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் ஜப்பானிய ஜென் ஆசான் ஹகுயின், கடுந்தியானத்தால் தமக்கே வந்த நோயையும் அதிலிருந்து மீண்டதையும் எழுதிவைத்தார். நம் காலத்தில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டால், பிரிட்டன் என்ற ஆய்வாளர்கள் குழுவாக 60 தியானிகளையும் 32 வல்லுநர்களையும் விரிவாகப் பேட்டி கண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அச்சம், திகில், உறக்கமின்மை, மாயத் தோற்றங்கள், தன்னிலை கலைந்துபோவது போன்ற அனுபவங்கள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. பலருக்கு அவை தற்காலிகமானவை. சிலருக்கு மருத்துவமனை வரை கொண்டுபோனவை. பழைய ஆசான்களும் புதிய ஆய்வாளர்களும் ஒரே எச்சரிக்கையைச் சொல்லும்போது, எச்சரிக்கையே வேண்டாம் என்று சொல்ல இவருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

எங்கள் முகாமுக்கு வரும் ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இருமுனை மனநோய்க்காக லித்தியம் எடுத்துக்கொள்கிறவர். எங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் அவரிடம், இந்த மாத்திரை இருக்கும்வரை உனக்கு ஆழம் கிட்டாது என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டார். சில நாட்களில் அவருக்கு அற்புதமாக இருந்ததாம். இரவில் இரண்டு மணி நேரத் தூக்கமே போதுமானதாக இருந்தது. எல்லாம் ஒளியாகத் தெரிந்தது, எல்லோரிடமும் அன்பு பெருகியது, தனக்கு ஞானம் கிட்டிவிட்டது என்று அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிச் சொல்லப் போனார். சேமிப்புக் கணக்கில் இருந்த பணத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினார். அவருடைய அம்மாவும் மாமாவும் ஆட்டோவில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கட்டுரையாளர் தன் கட்டுரையில் தியானம் பலிப்பதற்கு அடையாளங்கள் என்று எழுதியிருப்பவற்றை எடுத்துப் பாருங்கள்: குறைந்த தூக்கம், பொங்கும் ஆனந்தம், எல்லாம் ஒன்றே என்ற உணர்வு. அந்த இளைஞரின் மருத்துவர் நோய் முற்றியதற்கு அடையாளமாகக் குறித்துவைத்தவையும் அவைதான். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் பித்துநிலை திரும்பி வரும் ஆபத்து கூடும் என்பது மனநல மருத்துவத்தின் பாலபாடம். மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல், உறக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். இதை விஷம் இறங்குகிறது என்று விளக்கிச் சமாதானம் சொல்கிறவரிடம் மாட்டிக்கொண்டால் நோயாளியின் கதி என்ன?

படிவம் பற்றிய நான்காவது வாதம் வரலாற்றுக்கு நேர் எதிரானது. மகதத்தில் குட்டம், கட்டி, தோல்நோய், காசம், வலிப்பு ஆகிய ஐந்து நோய்கள் பரவியிருந்த காலத்தில் மக்கள் ஜீவகரைத் தேடிப் போனார்கள். அரசரையும் சங்கத்தையும் கவனிப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை என்றார் அவர். சங்கத்தில் சேர்ந்தால் வைத்தியம் கிடைக்கும் என்று பலர் மொட்டையடித்துச் சேர்ந்தார்கள். குணமானதும் சீவரத்தைக் களைந்துவிட்டுப் போனார்கள். ஜீவகர் முறையிட்டதன் பேரில் புத்தர் விதி செய்தார்: இந்த ஐந்து நோய்கள் உள்ளவருக்குத் துறவு தரக் கூடாது. துறவு ஏற்க வருகிறவரிடம் இவை உண்டா என்று கேட்பதும் விதியாயிற்று. இன்றும் தேரவாத நாடுகளில் துறவு ஏற்கும் உபசம்பதா சடங்கில் அந்தக் கேள்விகள் வரிசையாகக் கேட்கப்படுகின்றன. வாசலில் நோய் விவரம் கேட்பது மேல்நாட்டு இறக்குமதியாம். சங்கம் 2,500 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நம் காலத்து ஆசிரியர்களையும் பார்ப்போம். 1924-இல் மாந்தளேயில் பிறந்த எஸ்.என். கோயங்கா தீராத ஒற்றைத் தலைவலியால் துடித்தவர். பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின் நடத்திய தியான மையத்துக்கு அவர் போனபோது, தலைவலியைத் தீர்த்துக்கொள்ளத்தான் வருகிறாய் என்றால் சேர்க்க முடியாது, தம்மம் அதற்காக இல்லை என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டதைக் கோயங்காவே சொல்லியிருக்கிறார். 1969-இல் அவர் இந்தியாவில் தொடங்கிவைத்த விபாசனா மரபில் இன்றும் பத்து நாள் முகாமுக்கு விண்ணப்பிக்கிறவர் தன் உடல்நிலை, மனநிலை, எடுத்துக்கொள்ளும் மருந்து எல்லாவற்றையும் எழுதித்தர வேண்டும். இது மருத்துவத்துக்கோ மனநலச் சிகிச்சைக்கோ மாற்று அல்ல என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒருநாள் முகாம்களில் பத்து நாள் பயிற்சியை முடித்தவர்களுக்கு மட்டுமே இடம். கட்டணம் கிடையாது, ஆள் சேர்க்கும் அவசரம் கிடையாது, ஆனாலும் இத்தனை கட்டுப்பாடு.

கட்டுரையாளர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். அரசு மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசையில் அரை நாள் நின்றால் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. பேச்சை முடிப்பதற்குள் சீட்டு எழுதியாகிவிடுகிறது. பக்க விளைவுகளை யாரும் விளக்குவதில்லை. இது உண்மை, இதை மாற்றியாக வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைக்கவும் நிறுத்தவும் மருத்துவரிடம் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இந்த நாட்டின் பெரிய நோய் மாத்திரை மிகுந்துபோனது அல்ல. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருக்கிறது. நோய்க்கு நோய் வேறுபட்டு, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சையே பெறாமல் இருக்கிறார்கள். சிகிச்சை பெறும் மீதிச் சிறு பகுதியினர் பல தயக்கங்களைத் தாண்டி, உறவினர் பேச்சையெல்லாம் சகித்து மருத்துவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களையும் திருப்பி அனுப்பத்தான் இந்தக் கட்டுரை உதவும்.

சிகிச்சையை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியில்லாமல் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்லர். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பி வந்தவர்கள். பின்னாளில் அதே ஏர்வாடியில் தர்காவில் தொழுகையும் அரசு மனநல மருத்துவமும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஏற்பாடாயிற்று. பிரார்த்தனை செய்கிறவரிடம் பிரார்த்தனையை விடு என்று யாரும் சொல்லவில்லை. மருந்தையும் எடுத்துக்கொள் என்றார்கள். இஸ்லாமியத் தலமொன்று கற்றுக்கொண்ட பாடத்தை, பகுத்தறிவின் மதம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பௌத்தத்தின் பெயரால் எழுதுகிறவர் கற்கக் கூடாதா?

இப்படியெல்லாம் சொல்வதால் ஒருநாள் முகாம்களை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இல்லறத்தார் ஒரு பகலும் ஓர் இரவும் எட்டுச் சீலம் காப்பது புத்தர் காலத்து உபோசத வழக்கம். விசாகை என்ற இல்லறப் பெண்ணுக்கு அவர் அதை விரிவாகவே விளக்கியிருக்கிறார். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. விடியற்காலையில் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய்ச் சீலம் எடுத்துக்கொண்டு மாலை வரை அங்கேயே இருக்கும் பாட்டிகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒரு நாள் என்பது பௌத்தத்தின் பழைய அளவு.

எங்கள் முகாமில் காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு துணிப்பை நீட்டுவோம், எல்லோரும் செல்போனை அணைத்து அதில் போடுவார்கள். முதல் அரை மணி நேரம் கூடம் முழுக்க இருமலும் முழங்கால் மடக்கி நீட்டும் சத்தமும்தான். பத்து மணிவாக்கில் மொட்டைமாடியில் மெதுநடை. கால்மாற்றி வைக்கும்போது பலருக்கு முதலில் தடுமாறும். பதினொன்றரைக்குச் சாப்பாடு, பேச்சில்லாமல். இரண்டு மணிக்குத் தூக்கம் எல்லோரையும் கவிழ்க்கும். நாலு மணிக்கு மேல்தான் கூடம் உண்மையில் அமைதியாகும். அந்த நேரத்தில் சிலருக்கு ஒன்று பிடிபடுகிறது: ஒரு நினைப்பு வருகிறது, அதற்குக் கட்டுப்படாமல் சும்மா இருந்தால் அது போய்விடுகிறது. அடுத்த நாள் வீட்டில் மகனிடம் கத்த வாய் திறக்கும்போது அது நினைவுக்கு வந்து ஒருவர் ஒரு கணம் நிதானித்தால் அந்த முகாம் வென்றது. இதுதான் அதன் அளவு. இது சிறியதல்ல, பல குடும்பங்களில் பெரிய மாற்றம் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. உடைந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டபின் நடக்கப் பழக்கும் வேலை இது. மாவுக்கட்டை உடைத்துவிட்டு நட என்று சொல்வதற்கு இதில் இடமே கிடையாது.

ஆகவே முகாம் நடத்துகிற எல்லோரிடமும் என் கோரிக்கைகள் இவை. பதிவின்போதே மனநலச் சிகிச்சை உண்டா, என்ன மருந்து என்று தனியாக, அடுத்தவர் காதில் விழாமல் கேளுங்கள். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நீங்களே நினைவூட்டுங்கள். அதற்குத் தண்ணீரும் சாப்பாட்டு நேரமும் ஒதுக்குங்கள். யாருக்காவது படபடப்போ பயமோ மிஞ்சினால் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள், எழுந்து நடக்கச் சொல்லுங்கள், பேச ஓர் ஆளை அருகில் உட்கார வையுங்கள். இன்னும் ஆழமாகப் போ என்று தள்ளாதீர்கள். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால் அன்றைய அட்டவணையை மூடி வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல், அவர் குடும்பத்தையும் மருத்துவரையும் தொடர்புகொள்ளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசமாக இயங்குகிறது. அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்து என்று சொல்லும் எந்த ஆசிரியரையும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், மேடையில் ஏற்றாதீர்கள்.

கட்டுரையாளருக்கு ஒன்றே ஒன்று. புத்தரைப் பற்றி நாம் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் வாதாடலாம், ஆய்வுகளைப் பற்றியும் வாதாடலாம். அதில் தோற்றால் நம் இருவரில் ஒருவருக்கு முகம் சுருங்கும், அவ்வளவுதான். மாத்திரை பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்கள் தவறாகப் போனால் அதற்கு விலை கொடுப்பவர் நீங்கள் அல்ல. முகம் தெரியாத ஒரு வாசகரும் அவரை இராப்பகலாகக் காத்துக் கிடக்கும் ஒரு குடும்பமும்தான் கொடுக்க வேண்டும். மருத்துவம் படிக்காத, அந்த நோயாளியைப் பார்த்தேயிராத, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவருக்கு அந்த அறிவுரையைச் சொல்லும் தகுதி கிடையாது. அடுத்த இதழில் உங்கள் பெயரிலேயே அந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பப் பெறுங்கள். மற்றவற்றை அதன்பிறகு பேசலாம்.